மறுக்க மறுக்க வந்த பதவி

அனுப்புநர்
ர. ஃபர்சானா, எம்.ஏ.,
தலைவர், வெள்ளைக்கரடு பேரூராட்சி,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
தேர்தல் அலுவலர் அவர்கள்,
இந்திய உள்ளாட்சிகள் தேசியப் பேரவை,
கொங்கு மண்டலக் கிளை,
கோயம்புத்தூர்.

பொருள்: கொங்கு மண்டலப் பிரதிநிதி தேர்தல், 23.08.2025 – என் தந்தை திரு. ரசாக் அவர்களை அவர் கேட்காத மூன்று பதவிகளிலிருந்தும் விடுவித்தல் – பேருந்தில் நடந்த கூட்டத்தின் தீர்மானத்தைப் பதிவேட்டில் சேர்த்தல் – டெல்லி பொதுப்பேரவையில் பேச என் பெயரைப் பதிவு செய்தல் – தொடர்பாக.

பார்வை: விளக்கம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய கடிதம், நாள் 15.09.2025.

மதிப்பிற்குரிய தேர்தல் அலுவலர் ஐயா,

1. இல்லை. ஆள்மாறாட்டம் நடக்கவில்லை. ஒருவர் தன்னை இன்னொருவர் என்று சொல்லிக்கொள்வதுதான் ஆள்மாறாட்டம். என் தந்தை அன்று காலை ஒன்பதே முக்கால் முதல் மதியம் ஒன்றேகால் வரை, தான் இன்னொருவர் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் நம்பவில்லை. அல்லது நம்பினார்கள், பொருட்படுத்தவில்லை. இரண்டில் எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் கீழே தருகிறேன்.

2. முதலில் நாங்கள் யார் என்பது. எனக்கு இருபத்தெட்டு வயது. 2022 தேர்தலில் ஏழாவது வார்டில் வென்றேன். பதினைந்து உறுப்பினர்களில் ஒன்பது பேர் வாக்களித்துத் தலைவரானேன். என் தந்தை ரசாக் கோவை கோட்டைமேட்டில் பிறந்தவர். முப்பத்தொரு ஆண்டுகளாக வெள்ளைக்கரட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை. எந்தக் கட்சியிலும் இல்லை. எங்கள் மன்றக் கூட்ட அறைக்குள் ஒரே ஒருமுறை வந்திருக்கிறார், நாற்காலிகளுக்குத் திண்டு தைக்க அளவெடுப்பதற்காக. அந்த வேலையை நான் அவருக்குத் தரவில்லை. என் தந்தை என்பதால். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எடுத்த அளவுகளை வேலை கிடைத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

3. அடுத்து, டெல்லி ஏன் எங்களுக்கு வேண்டும் என்பது. நாடெங்கும் உள்ள மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகள் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு நம் பேரவை. ஆண்டுக்கு ஒருமுறை டெல்லியில் கூடுகிறது. மண்டலத்துக்கு ஒரு பிரதிநிதி. பிரதிநிதிக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லப்படுவது ஒன்றிய அரசுக்குப் பேரவை தரும் கோரிக்கைப் புத்தகத்தில் ஒரு பக்கமாக அச்சாகிறது. இதுவரை கொங்கு மண்டலத்தின் பக்கத்தில் வாழ்த்துரை மட்டுமே அச்சாகியிருக்கிறது. ஆறு ஆண்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டே இதைச் சொல்கிறேன்.

4. எங்கள் ஊரில் 2011 கணக்கெடுப்பின்படி 9,412 பேர். குடிநீர்த் திட்டம் அந்த எண்ணுக்குப் போடப்பட்டது, ஆளுக்கு எழுபது லிட்டர். அதன் பிறகு பெருந்துறைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர்கள் எங்கள் ஊரில் லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஒடிசா, பீகார், திருவண்ணாமலை, திருவாரூர். சென்ற பிப்ரவரியில் பதினைந்து உறுப்பினர்களும் வீடு வீடாகப் போய் எண்ணினோம். 15,870 பேர். எழுபது லிட்டர் நாற்பத்தொன்றாகிறது. எங்கே எழுதிக் கேட்டாலும் ஒரே பதில்: கணக்கில் அத்தனை பேர் இல்லை. இருக்கிறார்கள் ஐயா. எனக்கு அவர்களைத் தெரியும். காலையில் குழாயடியில் நிற்கிறார்கள். இதைச் சொல்லத்தான் ஐந்து நிமிடம்.

5. 23.08.2025, சனிக்கிழமை. கூட்டம் அவினாசி சாலையில் ஒரு மண்டபத்தில். என் தந்தை கடையின் ஆம்னி வேனில் என்னை அழைத்து வந்தார். வண்டியை நிறுத்தும் இடத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு. வெயில் அதிகமாக இருந்ததால், உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று நான்தான் சொன்னேன். ஆகவே தவற்றின் தொடக்கம் என்னுடையது.

6. பேரவையின் உறுப்பினர் அட்டையில் பெயர் இருப்பதில்லை. பதவியும் ஊரும் மட்டுமே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறினாலும் அட்டையை மாற்ற வேண்டியதில்லை என்பதற்காக இந்த ஏற்பாடு என்று பிறகு அறிந்தேன். சிக்கனம்தான். குறை சொல்லவில்லை. ஆனால் “தலைவர், வெள்ளைக்கரடு பேரூராட்சி” என்ற அட்டையைக் கையில் வைத்திருந்த பதிவு மேசைக்காரர், எதிரே நரைத்த தாடியோடு ஒருவரும் ஜீன்ஸ் அணிந்து முக்காடிட்ட ஒரு பெண்ணும் நிற்பதைப் பார்த்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அட்டை என் தந்தையின் கழுத்தில் விழுந்தது. இன்னொரு அட்டை என் கழுத்தில் விழுந்தது.

என் தந்தை உடனே கழற்றினார். “இது பாப்பாவுதுங்க” என்றார். மேசைக்காரர் சிரித்தபடி மீண்டும் மாட்டினார். “பாப்பாவுக்கும் ஒண்ணு போட்டாச்சுங்க பாய். உள்ள போங்க, ஏசி ஓடுதுங்க.”

என் அட்டையின் எழுத்து எதிரே நிற்பவர்களைப் பார்த்தபடி தொங்கியது. நான் படிக்கவில்லை. என்னைத் தவிர எல்லோரும் படித்தார்கள். அதில் இருந்தது: “உடன் வந்தவர்.”

7. அப்போதே ஏன் சத்தம் போடவில்லை என்று தங்கள் கடிதம் கேட்கிறது. நானும் கேட்டுக்கொண்டேன். நிகழ்ச்சி நிரலில் பத்தரை மணிக்கு “களப்பயணம்: திடக்கழிவு மேலாண்மை வளாகம்” என்று இருந்தது. எனக்கு அதில் மிகுந்த ஆர்வம். வாசலில் ஓர் அம்மையார் கைதட்டி அழைத்துக்கொண்டிருந்தார்: “பஸ் கெளம்புதுங்க அம்மணி, வெரசா வாங்க, சீட்டு புடிச்சுக்குங்க.” ஏறினேன். அட்டை விவகாரத்தை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் தந்தை கையசைத்தார். இவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் இல்லை. குப்பை பார்க்கும் ஆசை.

8. பேருந்தில் பதினான்கு பெண்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில் திருமதி சாந்தாமணி. அவர் அந்தியூருக்கு அடுத்த பேரூராட்சி ஒன்றைச் சேர்ந்தவர் என்பது அப்போது தெரியாது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் அங்கே எப்படிப் பிரிக்கிறார்கள் என்று நான் அவரிடம் பேச்சை ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“குப்பையா? ஏனுங்க அம்மணி, நாம சேலைக் கண்காட்சிக்குப் போறமுங்க. பொறவு சிறுதானியத்துல பாயசம் வெக்கக் கத்துத் தர்றாங்களாமா.”

பிறகு, பேச்சை விட்டுவிடக் கூடாது என்ற மரியாதைக்காக, “நீங்க எந்தத் தலைவரு ஊடுங்க?” என்று கேட்டார்.

நான்தான் தலைவர் என்றேன்.

அவர் என் அட்டையையும் தன் அட்டையையும் பார்த்தார். “அட,” என்றார். “நானுந்தானுங்க.”

9. இதற்குப் பிறகு நடந்ததைப் பதிவேட்டுக்கு ஏற்ற மொழியில் எழுத முயன்றேன். முடியவில்லை. திருமதி சாந்தாமணி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேருந்து முழுவதும் கேட்கும்படி சொன்னார்: “இந்த வண்டில ஓட்டு வாங்கித் தலைவரான பொம்பளைங்க எத்தன பேருங்க? கையத் தூக்குங்க பார்க்கலாம்.”

ஒரு கை. இரண்டு. பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கேட்டார்கள். அவரும் தூக்கினார். மொத்தம் ஒன்பது.

சிரிப்பு அடங்க லட்சுமி மில் சிக்னல் தாண்டிவிட்டது. ஒருவர் சொன்னார், “எங்க ஊட்டுக்காரரு உள்ள கூட்டத்துல இருக்கறாருங்க. நானே தான் காலைல அவருக்குச் சட்டய இஸ்திரி போட்டுக் குடுத்தேன்.” இன்னொருவர், “எனக்குக் கொழுந்தனாருங்க.” மூன்றாமவர், “எனக்கு மகனுங்க. அட்டையப் போட்டுக்கிட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வெச்சுப்போட்டான்.”

கை தூக்காத ஐந்து பேர் உண்மையாகவே உடன் வந்தவர்கள். அவர்களில் திருமதி பாவாத்தாள் ஒருவர். கொடுமுடிப் பக்கம். “எங்க ஊட்டுல அவருதானுங்க தலைவரு,” என்றார். “ஆனா மனு எழுதறவிய எல்லாம் எங்கிட்டத்தான் குடுத்துப்போட்டுப் போவாங்க. அவருகிட்டக் குடுத்தா தொலைச்சுப்போடுவாரு.”

10. ஐயா, பேரவையின் விதி 14 இவ்வாறு கூறுகிறது: மண்டலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கூடினால் அது கூட்டம். கொங்கு மண்டலத்தில் உறுப்பினர் உள்ளாட்சிகள் இருபத்தாறு. மூன்றில் ஒரு பங்கு ஒன்பது. கூட்டம் நடக்கும் இடம் நகராமல் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அங்கேயே கைப்பேசியில் பார்த்தேன்.

ஆகவே கூட்டம் தொடங்கியது. திருமதி பாவாத்தாள் நடவடிக்கைக் குறிப்பு எழுதினார், சேலைக் கண்காட்சியின் துண்டறிக்கைக்குப் பின்பக்கம். நான் குடிநீர்க் கணக்கைச் சொன்னேன். பத்து நாள் எழுதிய உரை என் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. குலுங்கும் வண்டியில் படிக்க வராது. வெறுமனே சொன்னேன்.

முடித்ததும் ஒவ்வொருவரும் தங்கள் ஊரைச் சொன்னார்கள். பனியன் கம்பெனி விடுதிகள். செங்கல் சூளைகள். திருமதி சாந்தாமணியின் ஊர் வேறு மாதிரி: “அந்தியூர்ச் சந்தை நாலு நாளும் எங்கூர்ல மனுசன விடக் குருதெ (குதிரை) அதிகமுங்க. வந்த மனுசனெல்லாம் எங்க கொழாய்ல தண்ணி புடிப்பான், குருதெயெல்லாம் எங்க தொட்டில குடிக்கும். கணக்குல ரெண்டுமே இல்லீங்க.”

தீர்மானம்: வசிக்கும் மக்களை எண்ணிக் குடிநீர் ஒதுக்க வேண்டும், பத்தாண்டுக் கணக்குக்காகக் காத்திருக்காமல், உள்ளாட்சி மன்றம் எண்ணித் தரும் எண்ணை ஏற்க வேண்டும். இதை டெல்லியில் பேச என்னை அனுப்புவது என்று ஒன்பது பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். உடன் வந்த ஐவரும் கை தூக்கினார்கள். வாக்குரிமை இல்லை என்று சொன்னேன். “ஆசைக்குத் தூக்கறமுங்க, எண்ணாட்டிப் போகுது” என்றார்கள். எண்ணவில்லை.

11. உண்மையை மறைக்க விரும்பவில்லை. அதன் பிறகு கண்காட்சியையும் பார்த்தோம். நன்றாக இருந்தது. சாமைப் பாயசமும் நன்றாக இருந்தது. செய்முறை தேவையெனில் தனியே அனுப்புகிறேன்.

12. இனி மண்டபம். இது என் தந்தையும், பின்னர் நான் தொலைபேசியில் பேசிய தலைவர்கள் பலரும் கூறியவற்றின் சுருக்கம்.

உள்ளே இருபத்தாறு அட்டைகள் இருந்தன. அவற்றில் பதினேழு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கழுத்தில். ஒன்பது உறவினர் கழுத்தில். பிரதிநிதிப் பதவிக்கு இரண்டு தலைவர்களின் பெயர்கள் வந்தன. இருவரும் மரியாதைக்காரர்கள். “நீங்க போங்க” என்றார் ஒருவர். “அதெப்படிங்க, நீங்க தானுங்க போகோணும்” என்றார் மற்றவர். இப்படி நாற்பது நிமிடம். விட்டுக்கொடுப்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசி வரிசையில் இருந்த என் தந்தை வெளியே போக எழுந்தார். எழுந்தவரிடம் ஒலிவாங்கி தரப்பட்டது. அவர் பேசியதை மூன்று பேர் எனக்குத் தனித்தனியாக, கிட்டத்தட்ட ஒரே சொற்களில் சொன்னார்கள்:

“ஏனுங்க, நான் தலைவர் இல்லீங்க. மெத்தக் கடைங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போட்டுப் போயிர்றேன். நீங்க உக்காந்திருக்கற நாற்காலில பஞ்சு இல்லீங்க. பழைய ஸ்பாஞ்சு, அடில தகரம். ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்தா இடுப்பு புடிச்சுக்குமுங்க. ஒருத்தருக்கொருத்தரு உட்டுக் குடுக்கறதுன்னா தாராளமாக் குடுங்க. ஆனா வெரசாக் குடுத்துப்போட்டு எந்திரிங்க.”

கைதட்டல் நிற்கவில்லையாம். நான் பத்து நாள் எழுதிய உரைக்கு அதில் பாதி கிடைத்திருக்குமா என்று தெரியாது. கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இதை மனுவில் எழுத வேண்டியதில்லை.

13. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “பாய் மாதிரி ஆளுதானுங்க டெல்லிக்கு வேணும்.” உடனே முன்மொழிந்தார்கள். வழிமொழிந்தார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தாங்களும் இந்தப் பக்கம் என்றால் தெரிந்திருக்கும். விருந்துக்குப் போன இடத்தில் இலை போட்டு அழைத்தால், வேண்டாம் என்போம். மறுபடி அழைத்தால் மறுபடி வேண்டாம் என்போம். மூன்றாவது முறை கையைப் பிடித்து இழுத்தால் உட்காருவோம். முதல் அழைப்பிலேயே உட்காருபவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மறுப்பு எங்களிடம் சம்மதத்தின் முதல் பகுதி. நானும் இப்படித்தான் வளர்ந்தேன். உண்மையாகவே வேண்டாம் என்று இருப்பவர் அதை எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் வழி வைக்கவில்லை.

என் தந்தை சொன்னார்: “வேண்டாமுங்க.” 

“அட, சும்மா இருங்க பாய்.”

“இல்லீங்க, நெசமாத்தானுங்க. எம் பொண்ணுதானுங்க தலைவரு. பஸ்ல போயிருக்குதுங்க.”

“பொண்ணு தலைவருன்னா, நீங்க தலைவருக்கே அப்பனுங்க. அதுக்கு மேல என்னுங்க வேணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். நடவடிக்கைப் பதிவேட்டின் பக்கம் 41-இல் இருப்பது: “திரு. ரசாக் அவர்கள் தன்னடக்கத்துடன் மறுத்து, பின் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்.” நேரம் 12.40. நாங்கள் திரும்பியபோது அவர் மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார். தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள்.

14. அன்றே மண்டலச் செயலாளர் அவர்களிடம் விளக்கினேன். அவர் அன்பாகவே பேசினார். “அப்பாரு பேர்ல இருந்தா என்னுங்க அம்மணி, உங்க பேர்ல இருந்தா என்னுங்க? ஊட்டுக்குள்ளதான இருக்குது. சாப்பிட்டீங்களா?” சாப்பிட்டேன் என்றேன். மறுபடியும் சாப்பிட வைத்தார்.

28.08.2025 அன்று என் தந்தை தனியாகக் கோவை அலுவலகத்துக்குச் சென்று பதவி வேண்டாம் என்றார். டீ கொடுத்தார்கள். இவ்வளவு பணிவுள்ளவர் செயற்குழுவில் இல்லாமல் எப்படி என்று செயற்குழு உறுப்பினர் ஆக்கினார்கள். 04.09.2025 அன்று மறுபடி போனார். இம்முறை குரலைச் சற்று உயர்த்தியதாகச் சொல்கிறார். இவ்வளவு உறுதியானவர் என்று குடிநீர்த் துணைக்குழு அமைப்பாளர் ஆக்கினார்கள். இன்னொரு சால்வை.

வீட்டுக்கு வந்து சொன்னார்: “இன்னொருக்கா போனா என்னைய அகில இந்தியத் தலைவராக்கிப்போடுவாங்க கண்ணு. எனக்குக் கடை இருக்குது. நீ எழுதிக் குடுத்துரு.”

வாயால் சொல்லும் மறுப்பு செல்லவில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

15. இந்த நிலையில்தான் தங்கள் கடிதம். யாரோ ஒருவர் பெயர் குறிப்பிடாமல் புகார் அனுப்பியிருக்கிறார். என் தந்தை தலைவராக நடித்துப் பதவி பெற்றார் என்று. நிரூபணமானால் எங்கள் பேரூராட்சியின் உறுப்பினர் உரிமை மூன்றாண்டுகள் நிறுத்தப்படும் என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாண்டு. டெல்லி இல்லை. அச்சான பக்கம் இல்லை. நாற்பத்தொரு லிட்டர்.

கடிதத்தை என் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். வேறு வழியில்லை, அவர் பெயர் அதில் இருந்தது. அவர் தைத்துக்கொண்டிருந்த தலையணையைப் பிரித்து மறுபடி அடைத்தார். முப்பத்தொரு ஆண்டில் அவர் தைத்த மெத்தையைப் பிரித்துப் பார்த்து, உள்ளே கழிவுப் பஞ்சு இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்தத் தலையணையைத் தைத்து முடித்ததும், “நான் சிரிச்சிருக்கக் கூடாது, இல்ல?” என்று கேட்டார்.

ஐயா, அவர் சிரித்தது தவறில்லை. அந்த இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

16. என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். பேருந்துக் கூட்டத்துக்கு முன்னறிவிப்பு இல்லை. தாங்கள் இதைச் சுட்டலாம், சரிதான். ஆனால் மண்டபத்தில் நடந்த தேர்வும் விதி 6-இன்படி செல்லாது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் மட்டுமே பிரதிநிதி ஆகலாம். என் தந்தை இல்லை. ஒரு கூட்டம் தகுதியற்றவரைத் தேர்ந்தெடுத்தது. மற்றது தகுதியுள்ளவரை, அறிவிப்பின்றி. இரண்டும் முழுமையில்லை. இரண்டும் நல்ல எண்ணத்தோடு நடந்தன என்றே நம்புகிறேன்.

அதனால் மண்டபத்தில் இருந்த பதினேழு தலைவர்களையும் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினேன். நான்கு நாட்கள் ஆயின. பதினான்கு பேர் நான் டெல்லி செல்லச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவர் வெளியூர். இருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பேருந்தின் ஒன்பதும் சேர்ந்தால் இருபத்தாறில் இருபத்து மூன்று. விட்டுக்கொடுத்த அந்த இரு மரியாதைக்காரர்களும் இதில் உண்டு. முதல் அழைப்பிலேயே சம்மதித்தார்கள். கையெழுத்திட்ட ஒருவர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்: “உங்கப்பாரு நெம்ப நல்லாப் பேசுனாருங்க. நீங்களும் அப்பிடிப் பேசுவீங்களா?” முயல்கிறேன் என்றேன். சுருக்கமாகப் பேசச் சொன்னார். உரையைப் பாதியாக வெட்டியிருக்கிறேன்.

17. எனவே தங்களிடம் வேண்டுவது:

புகாரை முடித்து, திரு. ரசாக் அவர்கள் ஆள்மாறாட்டம் செய்யவில்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். ஒரு வரி போதும், முத்திரையோடு. மற்ற எதைவிடவும் இதை முதலில் கேட்கிறேன்.

மூன்று பதவிகளிலிருந்தும் அவரை விடுவியுங்கள். அதற்குப் பாராட்டு விழா வேண்டாம். இது உண்மையான வேண்டாம். சால்வைகள் இரண்டையும் திருப்பி அனுப்ப முயன்றோம்; உங்கள் அலுவலகம் வாங்க மறுத்துவிட்டது. அந்த மறுப்பை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

11.10.2025 டெல்லி பொதுப்பேரவையில் கொங்கு மண்டலத்தின் சார்பில் பேசுவோர் பட்டியல் 26.09.2025 அன்று மூடப்படுகிறது. அதற்குள் என் பெயரைச் சேருங்கள். பேருந்துத் தீர்மானத்தையும் பதினான்கு கையெழுத்துகளையும் கொண்டு அது முடியாதெனில், 26-க்கு முன் ஒரு கூட்டத்தைக் கூட்டுங்கள். எங்கே, எந்த நேரம் என்றாலும் வருகிறேன். மற்ற எட்டுப் பேரும் வருவார்கள். இம்முறை கணவர், கொழுந்தனார், மகன் ஆகியோர் பேருந்தில் போகலாம் என்று திருமதி சாந்தாமணி தெரிவிக்கச் சொன்னார். கண்காட்சி இன்னும் நடக்கிறதாம்.

அட்டையில் பெயரும் புகைப்படமும் அச்சிடுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக அச்சிட வேண்டிவரும். வரட்டும். ஆள் மாறுகிறார் என்றால் தேர்தல் நடந்திருக்கிறது என்று பொருள்.

18. நாற்காலி பற்றி என் தந்தை மண்டபத்தில் சொன்னது சரி. அதன் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அந்த வேலை அவருக்கு வேண்டாம்.

இக்கையொப்பம் என்னுடையதே,

ர. ஃபர்சானா
தலைவர், வெள்ளைக்கரடு பேரூராட்சி

இடம்: வெள்ளைக்கரடு
நாள்: 19.09.2025

இணைப்பு:
பேருந்துக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு (சேலைக் கண்காட்சித் துண்டறிக்கையின் பின்பக்கம், திருமதி பாவாத்தாள் கையெழுத்தில்), ஒன்பது கையொப்பங்களுடன்.
பதினான்கு தலைவர்களின் சம்மதக் கடிதம்.
வார்டு வாரியாக மக்கள் எண்ணிக்கை, பிப்ரவரி 2025.
திரு. ரசாக் அவர்களின் மறுப்புக் கடிதம், அவர் கைப்பட.

(அலுவலக நகலில் மட்டும் எழுதியது)

மனுவைப் பெருந்துறை அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் ஒட்டினேன். பிறகு அஞ்சலக வாசலில் நின்றபடியே, அக்டோபர் 8-ஆம் தேதிக்கு ஈரோட்டிலிருந்து டெல்லிக்கு என் பெயரில் ஒரு பயணச்சீட்டுப் பதிவு செய்தேன். காத்திருப்போர் பட்டியலில் 23.